யாரையும் கூப்பிடாத தீபாவளி

1. மலை ஏறிய நாள்

குன்னூரில் பிறந்து வளர்ந்தவன் மலைப்பாதையில் வாந்தி எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். மலேசியாவில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில், தோட்டத்து லாரியின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடிதான் என் வெளிநாட்டு உத்தியோகம் தொடங்கியது. லாரியை ஓட்டியவன் ஆ லெங் என்ற சீன இளைஞன். என் வயதுதான் இருக்கும். வண்டியை நிறுத்தாமலே ஒரு பழந்துணியை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்த ஊர் வழக்கப்படி ‘லா’ சேர்த்துத் தமிழில் கேட்டான்.

“உங்க ஊர்ல மலை இல்லையா லா?”

“இருக்கு. அங்க வண்டி மெதுவா போகும்.”

“மெதுவா போனா மழை வந்துரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வளைவை இன்னும் வேகமாகத் திருப்பினான். சீனன் வாயில் தமிழ் வந்ததில் எனக்கு வாந்தியே நின்றுவிட்டது. அவன் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்தத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன். மலாயும் தமிழும் சீனமும் அவனுக்கு ஒரே பையில் கிடந்தன. கைக்கு எது வந்ததோ அதை எடுத்துப் பேசுவான்.

அது எழுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. குன்னூர் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் சில வருடங்கள் வேலை பார்த்திருந்தேன். கம்போங் ராஜாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அசிஸ்டன்ட் டீ மேக்கர் தேவை என்று ஆள் எடுத்தார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், வொர்க் பெர்மிட், தனி வீடு. தனி வீடு என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் ஏழு பேர் இரண்டு அறையில் படுத்தோம்.

வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேயிலை எங்கும் தேயிலைதான். வாட்டும் தொட்டியில் கொழுந்தைப் பரப்பிக் காற்று விட வேண்டும். வாடியதும் ரோலரில் போட்டு உருட்ட வேண்டும். புளிக்க வைத்து, டிரையரில் காய வைத்து, சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். மழைக்காலத்தில் கொழுந்து சரியாக வாடாது. அதற்குக் குன்னூரில் திட்டு வாங்கியதுபோலவே இங்கேயும் வாங்கினேன். தெரியாமல் போனது வேறு விஷயம்.

2. ஸ்டாப் வீடு

முதல் நாள் மாலை பேக்டரி கிராணி என்னை உத்தியோகஸ்தர்களுக்கான ஸ்டாப் வீட்டுக்கு அழைத்துப் போனார். கிராணி என்றால் கணக்கு வழக்கு பார்க்கும் குமாஸ்தா. நல்ல மனிதர். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன். லயத்துப் பக்கம் ரொம்பப் போயிடாதீங்க. நாம ஸ்டாப்பு. அவங்க வேலக்காரங்க. பழகிட்டா அப்புறம் நம்ம சொல்லு அங்க எடுபடாது.”

“சரிங்க.”

“துரை பங்களாவுக்கும் கூப்பிட்டாதான் போகணும். அது உங்களுக்கே தெரியும்.”

துரை ஈப்போக்காரர், சீனர். வெள்ளைக்காரர் போய்ப் பல வருடம் ஆகியும் தோட்டத்தில் மேனேஜர் துரைதான். ஆக, மேலே துரை, கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், நடுவே ஸ்டாப் வீடுகள். அந்த நடுவில் எல்லோருக்கும் குடும்பம் இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. கல்யாணமான வீட்டுக்கு அடிக்கடி போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று நானே ஒதுங்கிக்கொண்டேன். திரிசங்கு சொர்க்கம் என்பார்களே, அதில் எனக்குத் தனி வீடே கொடுத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போவேன். பாசார் என்கிற சந்தையைச் சுற்றுவேன். ஒரு காப்பி குடிப்பேன். இன்னொரு காப்பி குடிக்க ஆசையாக இருக்கும், காப்பிக்காக இல்லை, “இன்னும் ஒண்ணா?” என்று கடைக்காரர் கேட்பார் என்பதற்காக. வாரத்தில் யாரும் என்னிடம் தேயிலை சம்பந்தமில்லாமல் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

பேச்சு இல்லாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பனி மூடுகிற மலையில் தனி வீடு எடுத்துக்கொள்ளலாம். நான் அடுப்போடு பேசினேன். செருப்போடு பேசினேன். ஒரு நாள் பேக்டரியில் ரோலரைப் பார்த்து “சாப்பிட்டியா?” என்று கேட்டதை டிரையர்காரர் முத்து பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி போனார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

3. சட்டை மட்டும் புதுசு

முதல் தீபாவளி வந்தது. பிரிஞ்சாங்கில் ஒரு புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தேன். விடியுமுன் எழுந்து, வெந்நீர் வைத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பனி உள்ளே வந்தால் படுக்கை முதல் பஞ்சாங்கம் வரை நமுத்துப்போகும் என்பதால் கதவை எப்போதும்போல் மூடியிருந்தேன்.

எங்கள் ஊரில் தீபாவளியன்று தட்டுதான் முதலில் வரும். பக்கத்து வீட்டிலிருந்து துணி போட்டு மூடிய பலகாரத் தட்டு. நாம் அதில் நம் பலகாரத்தை வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு யாராவது வந்து, “மத்தியானம் நம்ம வீட்லதான் சாப்பாடு” என்பார்கள். கூப்பிட்டால் போவோம். கூப்பிடாத வீட்டுக்குப் போகிறவனுக்கு அழையா விருந்தாளி என்று பெயர்.

நான் தட்டுக்காகக் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். லயத்திலிருந்து கூட்டம் கூட்டமாக, புதுத் துணியோடு, என் ஜன்னலைத் தாண்டிக் கிராணி வீட்டுக்குப் போனார்கள். “லயத்துப் பக்கம் போகாதே” என்று எனக்குச் சொன்ன அதே கிராணி வாசலில் நின்று, “வாங்க, வாங்க” என்றார். கம்போங் ராஜாவிலிருந்து சீன மளிகைக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். ஒரு மலாய் போலீஸ்காரர்கூட வந்தார். மட்டன் கறி வாசனை என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆள்தான் யாரும் வரவில்லை.

ஒரு சின்னப் பெண் மட்டும் என் படியில் ஏறினாள். கீழே இருந்து அவள் அம்மா கூப்பிட்டாள்.

“அங்க போவாத. அது ஊர்க்காரரு வூடு. இங்கிட்டு வா.”

ஊர்க்காரர் என்றால் இந்தியாவிலிருந்து வந்தவர். குழந்தை இறங்கிப் போய்விட்டது. அன்று மத்தியானம் ரொட்டியும் டின் சார்டினும் சாப்பிட்டேன். அவமானமாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்த மறுநாளே கப்பல் ஏறுவது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் இறங்காது. அடுத்த வாரம் முழுக்கத் தொட்டியில் கொழுந்து பரப்பிய விதம் சரியில்லை என்று எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். கொழுந்து சரியாகத்தான் பரப்பியிருந்தது.

4. கோலா தெர்லாவில் ஒரு பெருநாள்

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குப் பேக்டரி லீவு. சாலையோரம் சும்மா நடந்துகொண்டிருந்தேன். ஆ லெங்கின் லாரி வந்து நின்றது.

“எங்க போற?”

“எங்கயும் இல்ல.”

“அப்ப ஏறு. மாக்கான் போலாம்.”

சாப்பாடு என்றதும் ஏறிவிட்டேன். கோலா தெர்லாவில் அவன் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. உள்ளே நிற்க இடமில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள், மலாய் லாரிக்காரர்கள், யார் யாரோ. அவன் அம்மா என் கையில் ஆரஞ்சுப் பழங்களைத் திணித்தார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆ லெங்கிடம் கேட்டேன்.

“இவங்க எல்லாரையும் எப்ப கூப்பிட்டே?”

“யாரு கூப்பிட்டா? பெருநாள்லா. வந்துட்டாங்க.”

“கூப்பிடாம எப்படி வருவாங்க?”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“கதவு தெறந்திருந்தா வரலாம். மூடியிருந்தா வர வேணாம். அவ்ளோதான். தீபாவளிக்கு நான் உன் வூட்டுக்கு வந்தேன். லாரிய நிறுத்திப் பாத்தேன். மூடிக் கெடந்திச்சு. சரி, இவன் யாரையும் உள்ள விட மாட்டான்னு கிராணி வூட்டுக்குப் போய்ட்டேன்.”

“பனிக்கு மூடினேன்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? லயத்துல சொன்னாங்க, ஊர்லேந்து வர்றவங்க சாதி பாப்பாங்களாம். வூட்டுக்குள்ள விட மாட்டாங்களாம், தண்ணி குடுத்தா தனி கப்புல குடுப்பாங்களாம். நீ அப்படியா?”

“இல்ல” என்றேன். ஆனால் குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. லயத்து ஜனங்கள் கற்பனை செய்து பயப்படவில்லை. அவர்களுடைய பாட்டன்மார் பார்த்துவிட்டு வந்ததைத்தான் பேசினார்கள்.

அன்று ஒன்று புரிந்தது. வருடம் முழுக்க ஸ்டாப் ஸ்டாப்பாக இருக்கலாம், லயம் லயமாக இருக்கலாம். பெருநாள் அன்று மட்டும் அந்த ஏற்பாடு தூங்கப் போய்விடும். கதவைத் திறந்து வைத்தவன் வீட்டுக்கு யாரும் வரலாம். நான் அந்த ஒரு நாளிலும் ஏற்பாட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் புரிந்துவிட்டால் உடனே நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்த பெருநாள் வரும்வரை லயம் லயம்தான். கிடைத்தது ஆ லெங் ஒருவன். அவனும் பாதி நாள் லாரியோடு கீழே இறங்கிவிடுவான்.

5. அஞ்சலை கேட்ட கேள்வி

இரண்டாவது தீபாவளிக்குச் சில வாரம் முன்பு துரை கூப்பிட்டு அனுப்பினார். பெர்மிட் முடியப் போகிறது, நீட்டிக்க வேண்டுமா, ஊருக்குப் போகிறாயா என்றார். தீபாவளி முடிந்து சொல்கிறேன் என்றேன். இந்தத் தடவை கதவைத் திறந்து வைப்பது. யாரும் வராவிட்டால் பெட்டியைக் கட்டுவது. என் கணக்கு அவ்வளவுதான்.

பலகாரம் வேண்டுமே. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், ரசம் என்று ஒன்று வைக்கத் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அஞ்சலையிடம் கேட்டேன். அஞ்சலை கொழுந்தெடுப்பவர்களில் மூத்தவர்; டிரையர்காரர் முத்துவின் அம்மா.

“அம்மா, தீபாவளிக்கு எனக்குக் கொஞ்சம் முறுக்கு சுட்டுக் குடுப்பீங்களா?”

“ஒங்களுக்கா? ஒத்த ஆளுக்கு எதுக்கு சார்?”

“வீட்டுக்கு யாராவது வந்தா குடுக்கணும்ல.”

“யாரு வருவா?”

“தெரியல.”

அவர் கூடையை இறக்கி வைத்தார். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“எங்க கையால சுட்டா சாப்பிடுவீங்களா சார்?”

“பேக்டரில உங்க மகன் போட்டுக் குடுக்கற டீயத்தான தினமும் குடிக்கிறேன்.”

“அது பேக்டரி. நான் வூட்டப் பத்திக் கேக்குறேன்.”

“சாப்பிடுவேன்மா.”

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

“மாவும் எண்ணெயும் வாங்கிக் குடுத்துருங்க. எள்ளு எங்கிட்ட இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தராசில் வைத்தார்.

6. டிரையர் முன்னால்

வழக்கமாகத் தீபாவளிக்கு முந்தின நாள் காலையோடு கொழுந்து எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த வருடம் துளிர் நிறைய விட்டிருந்தது. விட்டால் முற்றிவிடும் என்று துரை மாலைவரை எடுக்கச் சொன்னார். மழையில் நனைந்த கொழுந்து வந்து தொட்டிகளை நிரப்பியது. ஈரக் கொழுந்து வாட நேரமாகும். தீபாவளி காலையில்தான் உருட்டிக் காய வைக்க முடியும். அப்படியே விட்டால் சூடேறிச் சிவந்து, உரத்துக்குத்தான் ஆகும்.

கிராணி என்னிடம் வந்தார்.

“தம்பி, நீங்க பேச்சலர்தானே. வீடு வாசல்னு என்ன இருக்கு? நாளைக்குக் காலையில நீங்களும் முத்துவும் வந்து முடிச்சிட்டா போதும். மத்த வேலைக்கு மலாய்க்காரப் பசங்க இருக்காங்க.”

எனக்கு வீடு வாசல் இருக்கிறது, நாளைக்கு அந்த வாசல் திறந்திருக்கப் போகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? முத்து பக்கத்தில் நின்றார். அவருக்கு அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தலைதீபாவளி. பெண் வீடு கீழே தாப்பாவில். விடியற்காலை ஆ லெங்கின் லாரியில் அவரும் மனைவியும் போவதாக இருந்தது. முத்து கையில் இருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த டிரையர் கைப்பிடியை மறுபடி துடைத்தார்.

“நீ போ முத்து. டிரையர நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“ஒங்களுக்கு சார்? எங்க அம்மா முறுக்கு சுட்டிருக்காங்க.”

“முறுக்கு எங்க ஓடிப் போகுது?”

பெரிய மனதெல்லாம் இல்லை. புது மாப்பிள்ளையை டிரையர் முன் நிறுத்திவிட்டு நான் வேலை வாங்கியிருந்தால், அப்புறம் கதவைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான்.

தீபாவளி காலையில் குளித்து, புதுச் சட்டை போட்டு, அதைக் கழற்றிவிட்டுப் பேக்டரிச் சட்டையைப் போட்டேன். மேஜைமேல் முறுக்குத் தட்டுகளும் பிளாஸ்க்கில் டீயும் கோப்பைகளும் வைத்தேன். ஒரே மாதிரிக் கோப்பைகள். கதவை அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன். ஆளில்லாத வீட்டுக்குள் யார் வருவார்கள் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அழுகையும்தான்.

பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் யூசோப் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கை கொடுத்தார். “செலாமாட் தீபாவளி” என்றார். அன்று எனக்கு நேரில் கிடைத்த வாழ்த்து அது ஒன்றுதான். டிரையர் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை. காய்ந்து விழுந்த தூளை உள்ளங்கையில் எடுத்து நசுக்கிப் பார்ப்பதும், சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதுமாகப் பொழுது போனது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பட்டாசுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

உச்சி தாண்டித்தான் வேலை முடிந்தது. மழை விட்டிருந்தது. வீட்டுப் பக்கம் சாலையில் யாரும் இல்லை. பெருநாள் மத்தியானத்துத் தூக்கத்தில் தோட்டம் அடங்கியிருந்தது. கதவு நான் வைத்தபடியே இருந்தது.

உள்ளே போனேன். தட்டுகளில் முறுக்குத் தூள்தான் மிச்சம் இருந்தது. பிளாஸ்க் காலி. கோப்பைகள் எல்லாம் குடித்துவிட்டு வைத்தவை; அடியில் டீ மண்டி காய்ந்திருந்தது. முந்தின நாள் நான் கழுவித் துடைத்த சிமெண்டுத் தரை முழுக்கச் செம்மண் காலடிகள், பெரிதும் சிறிதுமாக. அவை முன்னறையோடு நிற்கவில்லை. சமையலறைக்குள் போயிருந்தன. பிளாஸ்க்கில் டீ தீர்ந்ததும் யாரோ அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்து, என் தூளும் சீனியும் எடுத்து டீ போட்டிருக்கிறார்கள். அடுப்பு இன்னும் சூடாக இருந்தது. அதன்மேல் ஒரு தட்டால் மூடிய கறிச்சட்டி. அது என் சட்டி இல்லை.

உட்கார்ந்து அழுதேன். வந்தார்களே என்றா, வந்தபோது நான் இல்லையே என்றா, அன்றைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கறியைச் சாப்பிட்டேன். கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவினேன். யார் எதில் குடித்தார்கள் என்று தெரியாது. என் வீட்டில் கொண்டாட்டம் நடந்திருக்கிறது, எனக்கு அதில் கிடைத்தது பாத்திரம் கழுவும் வேலை. ஆனாலும் சமையலறைத் தரையை மட்டும் அன்று துடைக்கவில்லை.

மறுநாள் பேக்டரியில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெருநாள் முடிந்துவிட்டது, நான் ஸ்டாப், அவர்கள் லயம். கொழுந்து நிறுக்கும்போது அஞ்சலை முறை வந்தது. கூடையை வைத்தார், எடுத்தார், நகர்ந்தார். பிறகு திரும்பி வந்தார்.

“சார், ஒங்க வூட்டு சீனி டின்னுல எறும்பு மேயுது. மூடி வைங்க.”

“சரிம்மா.”

அவ்வளவுதான். அன்று மாலை துரையிடம் போய்ப் பெர்மிட்டை நீட்டிக்கச் சொன்னேன். போகிற மாதிரி இருந்தாயே, என்ன ஆயிற்று என்று கேட்டார். வேலை பிடித்திருக்கிறது என்றேன். எறும்பு விஷயத்தை ஒரு துரையிடம் எப்படி விளக்குவது?

எண்பதுகளின் நடுவரை அந்தத் தோட்டத்தில் இருந்தேன். தனிமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மற்ற நாட்களில் அடுப்போடு பேசுவது தொடர்ந்தது. இன்றைக்கு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சம்பளம், பெர்மிட், தங்குமிடம் எல்லாவற்றையும் ஏஜென்ட் சொல்லிவிடுவார். அந்த ஊரில் நல்ல நாளன்று யார் வீட்டுக்கு யார் எப்படிப் போவார்கள் என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். அதை யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. யாரும் கூப்பிடவில்லையே என்று நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் படிக்குக் கீழே ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்.